அளவுக்கு மீறிக் காய்ந்த பலகை: சூடேற்றாத கொட்டில் ஒன்றின் தரை

2021 டிசம்பர் கடைசி வாரம். இரவு கொட்டிய பனியை வழிக்க இயந்திரத்தை எடுக்கலாம் என்று பின்வளவுக் கொட்டிலின் கதவைத் திறந்தேன். தரையின் நடுவில் மூன்று பலகைகள் கூடாரம்போல எழும்பி நின்றன. ஒரு சாண் இல்லை, ஆனால் மூன்று அங்குலம் இருக்கும். அந்த மூன்றின் ஆணிகளும் மரத்தை விட்டுக் கழன்று, தலை மட்டும் பலகையில் தொங்கின. கதவுக்குக் கிட்டவிருந்த பலகைகள் எழும்பவில்லை, ஆனால் ஒவ்வொன்றும் தாம்பாளம்போல ஓரம் உயர்ந்து நடு குழிந்திருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னர்தான் நானும் மாமாவும் அந்தத் தரையைப் போட்டிருந்தோம்.

மாமா என்பது என் மனைவியின் தகப்பன். யாழ்ப்பாணத்தில் நாற்பது வருடம் மரவேலை செய்தவர். இங்கே கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்த பிறகு கை சும்மா இருக்க அவருக்குப் பொறுக்காது. கொட்டிலில் ஒரு சின்னப் பட்டறை வேண்டும் என்பது அவருடைய ஆசை. நாள் முழுக்க நிற்கிற இடம் என்பதால் கல்லில் நிற்க முடியாது, கால் விறைக்கும், கீழே விழுந்த உளியின் வாய் உடையும், ஆகவே பலகைத் தரைதான் வேண்டும் என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. பிழை வேறு இடத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் எடுத்தது. அதை அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

கொட்டில்

எட்டடிக்குப் பத்தடி. இந்த அளவுக் கொட்டிலுக்கு ஒன்ராறியோவில் கட்டட அனுமதி தேவையில்லை, வேலியிலிருந்து விடவேண்டிய இடைவெளியை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு முன் வீட்டில் இருந்தவர்கள் கட்டியது. சுவர்கள் நாலுக்கு ஆறு அங்குல அடிச்சட்டத்தில் நிற்கின்றன, அடிச்சட்டம் கொங்கிறீற் கட்டைகளில் நிற்கிறது. உள்ளே மணலை நிரப்பி அதன்மேல் சதுரக் கற்கள் பதித்திருந்தார்கள். மின்சாரம் ஒரு விளக்குக்கு மட்டும். சூடேற்றி எதுவும் இல்லை, வைக்கும் எண்ணமும் இல்லை.

முதல் தரை

பலகையை 2020 நவம்பரில் வாங்கினோம். அந்த வருடம் கோடையில் ஏறிய மரவிலை அப்போது கொஞ்சம் இறங்கியிருந்தது. திரும்ப ஏறும் என்று பலரும் சொன்னார்கள், ஏறத்தான் செய்தது. அடுத்த மே மாதம் விலை வரலாறு காணாத உச்சத்துக்குப் போனது. வாங்கியது ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம், ஒன்றரை அங்குலத் தடிப்பு, ஒரு பக்கம் நாக்கும் மறுபக்கம் காடியும் எடுத்தது. ஒன்றோடொன்று பொருத்தினால் மேலே தெரியும் அகலம் ஐந்து அங்குலம், அதாவது 127 மில்லிமீற்றர்.

நிலம் உறைந்த பிறகு வெளியே வேலை செய்ய ஏலாது. ஆகவே வசந்தம் வரை பலகையை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. மாமா யோசிக்கவே இல்லை. “நிலக்கீழ் அறையில சூடாக்கிற மெசினுக்குப் பக்கத்தில அடுக்குவம் தம்பி. நல்லாக் காயட்டும். காய்ஞ்ச மரம் பிறகு அசையாது.” எனக்கும் அது முழுக்கச் சரியாகவே பட்டது. பச்சை மரத்தில் செய்த கதவு கோணிப்போனதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஐந்து மாதம் அடுக்கி வைத்தோம். இடைக்கட்டை வைத்து, காற்றுப் போகவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை மேல்கீழாக மாற்றி, குழந்தைப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

2021 ஏப்ரலில் வேலை தொடங்கியது. கற்களை அப்படியே விட்டோம். அவற்றின்மேல் இரண்டுக்கு நாலு சட்டங்களைப் படுக்கையாக வைத்தோம். சட்டங்களின்மேல் தடித்த பிளாஸ்ரிக் விரிப்பு ஒன்றைப் போட்டோம், நிலத்து ஈரம் பலகைக்கு ஏறக்கூடாது என்பதற்காக. அந்த யோசனை என்னுடையது. அதற்குமேல் பலகை. ஒவ்வொன்றையும் ஆப்பு வைத்து இறுக்கி, நாக்கு காடிக்குள் முழுதாகப் போகும்வரை தட்டித்தான் மாமா ஆணி அடிக்க விட்டார். இரண்டு பலகைக்கு இடையில் மயிர் நுழையாது. பதினெட்டுப் பலகை. அடிச்சட்டத்துக்கும் கடைசிப் பலகைக்கும் இடையில் இரண்டு பக்கமும் மும்மூன்று மில்லிமீற்றர் மிஞ்சியது. அதுவும் திட்டமிட்டு விட்டதல்ல, தானாக அமைந்தது. வேலை முடிந்த அன்று தரை மேசைபோல இருந்தது. அவ்வளவு அழகான இறுக்கம்.

தேடல்

முதலில் நாங்கள் இருவரும் பிடித்த எதிரி தண்ணீர். அதற்குக் காரணம் இருந்தது. பலகையைக் கழற்றியபோது கதவுப் பக்கம் பிளாஸ்ரிக் விரிப்பின் மேலே தண்ணீர் குட்டையாக நின்றது. பனி வழிக்கும் இயந்திரத்தை வேலை முடிந்ததும் பனியோடேயே உள்ளே தள்ளி விடுவேன். இயந்திரச் சூட்டிலும், இடையிடையே வந்த வெக்கையான நாட்களிலும் அந்தப் பனி உருகி, இடுக்குகளால் இறங்கி, விரிப்பில் தங்கிவிட்டது. மேலே போகவும் வழியில்லை, கீழே போகவும் வழியில்லை. அங்கே பலகைகளின் அடிப்பக்கம் கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அடி ஈரமாகி ஊதி, மேற்பக்கம் அப்படியே இருந்தால் பலகை ஓரம் உயர்ந்து குழிவது இயல்பு. ஆகவே குழிவுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. என் பிளாஸ்ரிக் விரிப்புத்தான் காரணம்.

ஆனால் நடுவில் எழும்பிய பலகைகளுக்கு அது விளக்கமாகவில்லை. அங்கே விரிப்பு காய்ந்திருந்தது. கதவிலிருந்து தூரத்தில், பின்சுவரோடு இருந்த பலகைகளிலும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனாலும் அவையும் நெரிந்து கிடந்தன. நாக்குகள் நசிந்து, ஒரு பக்கத்து அடிச்சட்டம் கட்டையில் எட்டு மில்லிமீற்றர் வெளியே நகர்ந்திருந்தது. ஈரமே படாத பலகை எதற்காகச் சட்டத்தைத் தள்ள வேண்டும்?

விடை நிலக்கீழ் அறையில் இருந்தது. மிஞ்சிய துண்டுப் பலகை ஒன்று இன்னும் அதே மூலையில் சாய்த்து வைத்தபடி கிடந்தது. அதே கட்டில் வந்த பலகை, அதே நாளில் வாங்கியது. கொட்டிலின் பின்சுவரோரத்துப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து அளந்தேன். அறையில் இருந்த துண்டு 127 மில்லிமீற்றர். கொட்டிலில் இருந்தது 129.2. மாமா என் கையிலிருந்த அளவுகோலை வாங்கித் தானும் அளந்தார். பிறகு இன்னொரு பலகை, இன்னொன்று. கிட்டத்தட்ட எல்லாமே இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் அகன்றிருந்தன. பதினெட்டால் பெருக்கிப் பாருங்கள், நாலு சென்ரிமீற்றர் வருகிறது. நாங்கள் விட்டிருந்த இடம் வெறும் ஆறு மில்லிமீற்றர். மிச்சத்தை மரம் தானே எடுத்துக்கொண்டது: கொஞ்சம் நாக்கை நசித்து, கொஞ்சம் சட்டத்தைத் தள்ளி, மீதிக்கு மேலே எழும்பி.

காற்றும் மரமும்

மரம் வாழ்நாள் முழுவதும் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைப் பரிமாறிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதன் 30 வீதமாக நின்றால் மரம் மெல்ல மெல்ல ஆறு வீத ஈரத்துக்கு வந்து நிற்கும். 50 வீதக் காற்றில் ஒன்பது, 65 வீதத்தில் பன்னிரண்டு, 80 வீதத்தில் பதினாறு. இவை ஏறத்தாழக் கணக்குகள்தான், ஆனால் தரை போட இது போதும். வெட்டிய புதிதில் நாரின் சுவர்கள் நிறைந்து நிற்கும் நிலை 30 வீதத்துக்குக் கிட்ட. அதற்குக் கீழே இறங்கும்போது மரம் சுருங்கும், ஏறும்போது ஊதும். நீளத்தில் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது, அகலத்தில்தான் எல்லாமே நடக்கும். ஸ்புரூஸ் மரத்தில், ஆண்டுவளையம் பலகையின் முகத்தோடு படுத்திருந்தால், ஈரம் ஒவ்வொரு வீதம் மாறவும் அகலம் கால் வீதம் அளவுக்கு மாறும். வளையம் செங்குத்தாக நின்றால் அதில் பாதி.

இதையெல்லாம் கேட்டால் பெரும்பாலானவர்கள் “கோடையில் ஊதும், குளிர்காலத்தில் சுருங்கும்” என்று சொல்வார்கள். கனடாவில் வீட்டுக்குள் அது உண்மை. வெளியே பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க ஈரமான காற்றாகத் தெரியும், ஆனால் அவ்வளவு குளிரில் காற்றுக்குக் கொள்ளளவே இல்லை; ஒரு கன மீற்றரில் இரண்டு கிராமுக்கும் குறைவான நீராவிதான் இருக்கும். அதே காற்றை வீட்டுக்குள் எடுத்து 21 பாகைக்குச் சூடாக்கினால் அதன் கொள்ளளவு பதினெட்டுக் கிராமாக விரிகிறது, உள்ளே இருப்பதோ அதே இரண்டு கிராம். பத்து வீத ஈரப்பதன். சமையலும் குளிப்பும் மூச்சும் சேர்ந்து அதை 25, 30க்கு உயர்த்தும். உதடு வெடிப்பதும் சட்டை கழற்றும்போது பொறி பறப்பதும் அதனால்தான். சூடாக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஐந்து மாதம் கிடந்த எங்கள் பலகை ஆறு, ஏழு வீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும்.

சூடேற்றாத கொட்டிலில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே குளிர்காலக் காற்று குளிர்ந்தபடியே நிற்கிறது, ஈரப்பதன் 80 வீதத்துக்குக் கிட்ட நிற்கிறது. பலகை வருடத்திலேயே அதிகம் ஊதும் மாதங்கள் டிசம்பரும் ஜனவரியும். மிகவும் ஒடுங்குவது மே, யூன் மாதங்களில். இந்தப் பகுதியில் வெளிக் காற்றோடு இருக்கும் மரம் வருடம் முழுவதும் பன்னிரண்டு வீதத்துக்கும் பதினைந்துக்கும் இடையில்தான் ஏறி இறங்குகிறது. மூன்று வீத வித்தியாசம், அவ்வளவுதான். கொட்டில் மரத்துக்குக் கொடுமையான இடம் அல்ல, மிகச் சாந்தமான இடம். நாங்கள்தான் ஏழு வீதத்தில் பலகையைக் கொண்டுபோய், பதினைந்துக்கு ஏறப்போகும் இடத்தில், மயிர் நுழையாமல் இறுக்கி அடித்தோம்.

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அப்ப ஊரில ஏன் இப்பிடி ஒருநாளும் நடக்கேல்லை?” நல்ல கேள்வி, அதுதான் இந்த விடயத்தின் அடிவேர் என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் வீட்டுக் காற்றும் முற்றத்துக் காற்றும் ஒன்று. மரத்தை எங்கே நிழலில் அடுக்கினாலும், அது காய்ந்து நிற்கும் நிலை ஏறத்தாழப் பதினாலு, பதினைந்து வீதம். கதவாகிச் சுவரில் ஏறிய பிறகும் அதே நிலை. முதிரையோ வேம்போ, “நல்லாக் காயவிடு” என்றால் அங்கே அதற்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையைக் காற்றே போட்டுவிடும். எவ்வளவு காலம் காயவிட்டாலும் அளவுக்கு மீறிக் காயாது. அவர் படித்த பாடம் அங்கே நூற்றுக்கு நூறு சரி. இங்கே ஒரே வளவில் இரண்டு காலநிலை இருக்கிறது, கதவுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஊரில் நிழலில் காய்ந்த அதே பதினாலு வீதப் பலகையை இங்கே கொட்டிலில் போட்டிருந்தால் தரைக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

உறுதிப்படுத்தல்

ஊகத்தோடு நிற்க மனமில்லை. ஊசி குத்தி அளக்கும் ஈரமானி ஒன்று வாங்கலாம்தான், ஆனால் குளிர்ந்த மரத்தில் அது குறைத்துக் காட்டும், திருத்தம் செய்ய வேண்டும். அதைவிட நம்பகமான வழி சமையலறையிலேயே இருக்கிறது. பலகையின் நுனியில் வெடிப்பில்லாத இடத்தில் ஒரு துண்டு வெட்டி, உடனே கிராம் தராசில் நிறுக்க வேண்டும். பிறகு வெதுப்பும் அடுப்புக்குள் 103 பாகையில், இங்குள்ள அடுப்புகளில் 215 முதல் 220 பாரன்ஹைட், வைத்து நிறை இனிக் குறையாது என்று ஆகும்வரை காயவிட வேண்டும். இழந்த நிறையைக் காய்ந்த நிறையால் வகுத்தால் ஈரவீதம். ஜனவரியில் கொட்டிலின் பின்சுவரோரத்துப் பலகைத் துண்டு 231 கிராமிலிருந்து 200க்கு இறங்கியது. பதினைந்தரை வீதம். நிலக்கீழ் அறைத் துண்டு ஆறரை வீதத்தைக் காட்டியது. வித்தியாசம் ஒன்பது வீதம், கால் வீதக் கணக்கில் 127 மில்லிமீற்றர் பலகைக்கு 2.9 வரும், வளையம் சாய்ந்த பலகைகளும் கலந்திருந்ததால் 2.2 வந்திருக்கிறது. கணக்கும் அளவுகோலும் ஒன்றையொன்று விட்டு விலகவில்லை.

(மனைவி சார்பில் ஒரு சொல்: மரத்துண்டு வேகும் வாசம் இரண்டு நாள் வீட்டில் நிற்கும். ஸ்புரூஸ் வாசம் எனக்குப் பிடிக்கும். அவளுக்குப் பிடிக்கவில்லை.)

இரண்டாம் தரை

2022 மே மாதம் எல்லாவற்றையும் கழற்றினோம். கற்களையும் மணலையும் வெளியே எடுத்தது இரண்டு முழு நாள் வேலை. மணல் அடிச்சட்டத்தோடு ஒட்டி ஈரத்தைப் பிடித்துவைத்திருந்ததால் ஒரு மூலை மெத்தென்று போயிருந்தது. அந்த இரண்டடியை வெட்டிப் புதுத்துண்டு பொருத்தினோம். எங்கள் வளவு களிமண். அதைச் சில அங்குலம் வழித்தெடுத்து, வடிதுணி விரித்து, மண் கலவாத முக்கால் அங்குல உடைகல்லை நாலு அங்குலத்துக்குப் பரப்பினோம். ரொறன்ரோவில் உறைபனி நிலத்துக்குள் நாலடி வரை இறங்கலாம். இவ்வளவு சின்னக் கொட்டிலுக்கு அந்த ஆழத்துக்கு அத்திவாரம் போடுவது வீண். ஆனால் நிலத்தைத் தூக்குவது களிமண் உறிஞ்சி வைத்திருக்கும் நீர்தான். உடைகல் நீரைப் பிடித்துவைக்காது. மண்வெட்டி தொடும் முன் நிலத்தடிக் குழாய், கம்பிகளை அடையாளமிடச் சொல்லி அழைத்தோம். இலவசம், அது சட்டமும்கூட.

இம்முறை தரையை நிலத்தில் கிடத்தவில்லை, தூக்கினோம். இரண்டு நீண்ட அடிச்சட்டங்களுக்கும் இடையில் இரண்டுக்கு ஆறு சட்டங்களை நாக (துத்தநாக) முலாம் பூசிய இரும்புத் தொட்டில்களில் தொங்கவிட்டோம். இந்தச் சட்டங்களை இங்கே ஜொயிஸ்ற் என்பார்கள், மாமாவுக்கு அது தீராந்தி. பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக ஒன்பது. எட்டடி நீளத்துக்கு நடுவில் ஓர் உத்தரம், கொங்கிறீற் கட்டைகளில். பட்டறை மேசையும் பனி இயந்திரமும் ஏறும் தரை, நடந்தால் அதிரக்கூடாது. மணல் போன இடத்தில் இப்போது காற்று. அடிச்சட்டத்துக்குக் கீழுள்ள இடைவெளியைச் சுற்றிவரக் கம்பிவலை அடித்தோம், ஏனென்றால் காற்றுப் போகும் வழியால் ரக்கூன் என்ற காட்டு விலங்கும் போகும். ஸ்காபரோவில் ரக்கூன் குடியேறிய கொட்டிலைத் திருப்பி வாங்குவது லேசான காரியமல்ல.

சட்டமெல்லாம் உக்காமல் இருக்கப் பச்சை மருந்து ஏற்றிய மரம். 2003க்குப் பிறகு வீட்டுப் பாவனைக்கான மரத்தில் ஆர்செனிக் கலந்த பழைய மருந்தை நிறுத்திவிட்டார்கள். இப்போதுள்ளவை செம்பு மருந்துகள், அவை சாதாரண இரும்பை வேகமாக அரிக்கும். ஆகவே உருக்கிய நாகத்தில் தோய்த்த ஆணிகள்தான். எங்கள் அடிச்சட்டம் எந்தக் காலத்தது என்று தெரியாததால், வெட்டிய பழந்துண்டை விறகாக்க மாமாவை விடவில்லை. ஆர்செனிக் மரத்தின் சாம்பலும் புகையும் நஞ்சு.

பிளாஸ்ரிக் விரிப்பு இல்லை. பலர் இதில் தயங்குவார்கள், நானும் தயங்கினேன். சூடேற்றிய வீட்டில் அந்த விரிப்புக்கு ஒரு வேலை இருக்கிறது. சூடேற்றாத கொட்டிலில் பலகையின் மேலும் கீழும் ஒரே காற்று இருந்தால் இரண்டு முகமும் ஒன்றாக ஊதி ஒன்றாக ஒடுங்கும், பலகை தட்டையாகவே நிற்கும். உக்கல் பூஞ்சணத்துக்கு மரத்தில் இருபது வீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும். காற்றின் ஈரம் மட்டும் இந்த ஊரில் மரத்தை அங்கே கொண்டுபோகாது. கொண்டுபோவது தங்கி நிற்கும் தண்ணீர். தண்ணீர் தங்குவதற்கு வேண்டிய பாத்திரத்தை முதல் தரையில் நானே கீழே விரித்துக் கொடுத்திருந்தேன்.

பலகை. பழையதில் பதினொன்றைக் காப்பாற்றினோம், ஏழு புதிது வாங்கினோம். புதிதாக வந்தவை முத்திரையில் பத்தொன்பது வீதத்துக்குக் கீழே உலர்த்தியவை என்றுதான் சொல்லும், எவ்வளவு கீழே என்று சொல்லாது. எல்லாவற்றையும் கொட்டிலுக்குள்ளேயே, தொங்கவிட்ட சட்டங்களின்மேல், இடைக்கட்டை வைத்து அடுக்கிக் கதவைச் சாத்தினோம். ஐந்து வாரம். மாமாவுக்கு அது பெரிய தவம். “வேலை கிடக்குது, பலகை கிடக்குது, நாங்கள் பாத்துக்கொண்டு இருக்கிறம்” என்று தினமும் காலையில் சொல்லுவார். வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பலகையை நிறுத்தோம். நிறை நின்றதும் துண்டு வெட்டி அடுப்பில் வைத்தோம்: 212 கிராம், காய்ந்த பின் 188. கிட்டத்தட்டப் பன்னிரண்டே முக்கால் வீதம். யூன் கடைசி வாரம். வருடத்தின் காய்ந்த பக்கத்தில் நிற்கிறோம், இனிப் போகும் திசை ஊதல்தான்.

இடைவெளியைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஒட்டாமல் மிதக்கவிடும் தரைக்குச் சுவரோரத்தில் இடம் விடச் சொல்வார்கள். அது அந்தத் தரைக்குச் சரி, முழுத்தரையும் ஒரு துண்டாக ஓரத்துக்கு நகரும். ஒவ்வொரு சட்டத்திலும் ஆணி அடித்த பலகை நகராது. அது தன் ஆணியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஊதும், பக்கத்துப் பலகையை முட்டும். ஓரத்தில் ஒரு சாண் இடம் விட்டாலும் நடுவில் இருக்கும் பலகைக்கு அது எட்டாத சொத்து. ஆகவே இடைவெளியை ஒவ்வொரு பலகைக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டும். கணக்கு: பன்னிரண்டே முக்காலிலிருந்து, எச்சரிக்கையாகப் பார்த்தால், பதினாறரைக்கு ஏறட்டும். நாலு வீதம் என்று வைத்தால் 127 மில்லிமீற்றரில் 1.27. கனடிய 25 சத நாணயக் குற்றியின் தடிப்பு 1.58 மில்லிமீற்றர். இதைவிட நல்ல அளவுகட்டை கடையில் கிடைக்காது. ஒவ்வொரு பலகைக்கும் மூன்று இடத்தில் குற்றியைச் செருகி, ஆணி அடித்து, குற்றியை உருவி அடுத்ததற்குப் போனோம். நாக்கு காடிக்குள்ளேயே இருப்பதால் இடைவெளி கீழே தெரியாது, உளி விழுந்தாலும் போகாது. சுவரோரத்தில் பன்னிரண்டு மில்லிமீற்றர் வேறாக.

மாமாவுக்கு அந்தக் குற்றி வேலை நெஞ்சை அறுத்தது. நாற்பது வருடம் இடுக்குத் தெரியாமல் பொருத்திய கை அது. ஐந்தாவது பலகையில் சுத்தியலை வைத்துவிட்டு, “இதை ஆரும் பாத்தால் என்ர வேலை எண்டு சொல்லாதை” என்றார். சொல்கிறேன் மாமா. உங்களுடைய வேலைதான். இவ்வளவு நல்ல வேலையை நீங்கள் இதற்கு முன் இந்த நாட்டில் செய்யவில்லை.

மேலே, கீழே இரண்டு முகத்துக்கும் போடும் முன்பே ஒரு பூச்சு எண்ணெய் கொடுத்தோம். மேலுக்கு மட்டும் தடிப்பாக வார்னிஷ் அடித்தால் ஒரு முகம் மூடி மறுமுகம் திறந்து, மறுபடியும் குழிவு வரும். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடக் கூடாது. அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் அமிழ்த்தினோம், பிறகு வேலியில் விரித்துக் காயவிட்டோம்.

இரண்டு குளிர்காலங்களுக்குப் பிறகு

2023 ஜனவரியில் தரையில் முழந்தாளிட்டு இடைவெளிகளைப் பார்த்தேன். 25 சதக் குற்றி எங்கும் நுழையவில்லை, அதைவிட மெல்லிய பத்துச் சதமும் நுழையவில்லை. வங்கி அட்டையின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர். வளையம் நிமிர்ந்து நிற்கும் பலகைகளுக்கு இடையில் அட்டை இலகுவாகப் போனது. வளையம் படுத்திருக்கும் பலகைகளுக்கு இடையில் போகவில்லை, ஆனால் கடதாசி போனது. அதாவது எங்கும் முட்டவில்லை. யூலையில் 25 சதம் திரும்பவும் நுழைந்தது. 2024 ஜனவரியிலும் முந்தின ஜனவரி மாதிரியே.

குறை இல்லாமல் இல்லை. கதவடிப் பலகை இரண்டும் இலேசாகக் குழிந்திருக்கின்றன. பனி இயந்திரத்துக்குக் கீழே ஓரம் உயர்ந்த தட்டு வைத்திருக்கிறேன், ஆனாலும் சப்பாத்தில் வரும் பனியும் வீதியில் தூவும் உப்பும் அந்த இரண்டடியில்தான் விழும். அந்த இரண்டையும் ஆணிக்குப் பதிலாகத் திருகாணியால் பொருத்தியிருந்தால் கழற்றி மாற்ற இலகுவாக இருந்திருக்கும். அது யோசிக்காமல் விட்டது. கூரையின் பின்பக்கத்துக்குப் பீலி இல்லாததால் சொட்டும் நீர் அடிச்சட்டத்தில் தெறிக்கிறது, இந்த வசந்தத்தில் பீலி பொருத்த வேண்டும். ஸ்புரூஸ் மெது மரம், பட்டறை மேசையின் கால்கள் பதிந்த தடம் தெரிகிறது. சீடர் போட்டிருந்தால் ஊதல் இன்னும் குறைவாக இருந்திருக்கும், ஆனால் அது இதைவிட மெது, பனி இயந்திரத்தின் சில்லு அதைத் தின்றுவிடும். ஆகவே மரத்தைத் தெரிந்ததில் எனக்கு வருத்தமில்லை.

2022 யூனில் துண்டு வெட்டியபோது, அதற்குப் பக்கத்தில் அதே நிறையில் இன்னொரு துண்டு வெட்டினோம். முதல் துண்டு அடுப்புக்குப் போனது, இரண்டாவது கொட்டிலின் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. முதலாவதன் காய்ந்த நிறை தெரிந்தபடியால் இரண்டாவதன் ஈரத்தை எப்போதும் தராசு சொல்லிவிடும். மாமா மாதத்தின் முதல் நாள் அதை நிறுத்து, சுவர்ப் பலகையில் தச்சுப் பென்சிலால் எழுதுகிறார். யூலையில் 211. நவம்பரில் 215. இந்த ஜனவரி முதலாம் திகதி நான் இன்னும் போர்வைக்குள் இருக்கும்போதே தொலைபேசி அடித்தது. கொட்டிலில் நின்று பேசுகிறார், காற்றுச் சத்தம் கேட்கிறது.

“217 தம்பி. போன வருசமும் இதேதான். இறுகேல்லை, நான் தட்டிப் பாத்திட்டன்.”